தலைவியின் மடக்குக் கதிரை

ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கதிரைகள் இரண்டு. ஒன்றில் தோட்டத்தை நடத்தும் தொர உட்காருவார். மற்றதில் பெரிய கிளாக்கர் உருத்திரமூர்த்தி உட்காருவார். தோட்டத்தில் மிச்சமுள்ள அத்தனை பேரும் நிற்பார்கள்.

நிற்க வேண்டும் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் நின்றார்கள். அரசாங்கம் தோட்டத்தை எடுத்தபோதும் நின்றார்கள். பிறகு கம்பெனி வந்தது. இந்தத் தொண்ணூற்றேழாம் வருடத்திலும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை தோட்டக் கமிட்டி தொரையோடு பேசும் நாள். கமிட்டித் தலைவராகப் பல வருடம் இருந்த இராமசாமி, தொரைக்கு முன்னால் நிற்பதை ஒரு வித்தையாகவே வளர்த்து வைத்திருந்தார். பாரத்தை எப்போது எந்தக் காலுக்கு மாற்ற வேண்டும், கையை எங்கே கட்ட வேண்டும், தொர கொட்டாவி விட்டால் எவ்வளவு நேரம் சுவரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவரைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கோவில் முற்றத்தில் கை தூக்கித் தோற்கடித்துவிட்டார்கள். தலைவியானவள் இருளாயி. மலையில் கொழுந்து எடுத்து எடுத்து முழங்கால் தேய்ந்தவள். வாய் மட்டும் தேயவில்லை.

முதல் புதன்கிழமை ஆபீசுக்குப் போனாள். பேச்சு நீண்டது. முழங்கால் கெஞ்சியது.

"ஐயா, ஒரு கதிர குடுத்தீங்கன்னா உக்காந்து பேசலாங்க" என்றாள் கிளாக்கரிடம்.

உருத்திரமூர்த்தி யாழ்ப்பாணத்து மனிதர். நெற்றியில் மூன்று குறி விபூதி, மூக்கு நுனியில் கண்ணாடி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கதிரையோ? இஞ்ச ரெண்டுதான் கிடக்கு, பிள்ளை. வேணுமெண்டால் வீட்டிலயிருந்து ஒண்டு கொண்டு வாவன்."

சிங்களவரான தொரைக்கு இந்தப் பேச்சு புரியவில்லை. ஏதோ நல்ல விஷயம் என்று நினைத்துச் சிரித்தார். இருளாயிக்குக் காது சூடாகிவிட்டது.

"கொண்டாறேங்க ஐயா! அடுத்த பேச்சுக்கு என் சொந்தக் கதிரையில உக்காந்துதான் பேசுவேன். நின்னேன்னா அன்னிக்கே தலைவி வேலைய விட்டுட்டுப் போயிடுவேன்!"

ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த கூட்டம் இதைக் கேட்டது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு இருளாயி வந்து சேரும் முன்னே அவள் சபதம் வந்து சேர்ந்துவிட்டது. வீட்டு வாசலில் அவள் புருஷன் சன்னாசி நின்றுகொண்டிருந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடிக்கிறவன். பேச்சைவிட ஆணியை அதிகம் நம்புகிறவன்.

"சொந்தக் கதிரையிலன்னு சொன்னியாமே, புள்ள?"

"ஆமா, சொன்னேன்."

"நம்ம வீட்டுல கதிர எங்க இருக்கு?"

இருளாயி வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தாள். ஒரு கட்டில், இரண்டு மணைக்கட்டை, ஒரு அண்டா. "எனக்கும் பாலத்துக்கிட்ட வரும்போதுதாங்க ஞாபகம் வந்துச்சு" என்றாள்.

தோட்டத்து லயங்களில் சொந்தக் கதிரை வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அது இராமசாமி. அவரே அன்று மாலை துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, நிக்கிறதுல ஒரு மரியாத இருக்கும்மா. நின்னு கேட்டாத்தான் குடுக்கத் தோணும். உக்காந்து கேட்டா, கல்யாணத்துக்கு வந்தவ பந்தி எப்பன்னு கேக்குற மாதிரி இருக்கும்."

"நீங்க நின்னு என்ன மாமா வாங்கிக் குடுத்தீங்க?"

"வேலைக்குப் போறவங்க புள்ளைகள விட்டுட்டுப் போற பிள்ளக்காம்பராவுக்கு சிமெந்து போட்டது ஆரு?"

"என் வீட்டுக் கூரை ஒழுகுதே."

"அது மழையோட தப்பு. அதுக்குத் தொர என்ன செய்வாரு?"

பக்கத்துக் காம்பரா வீட்டு மருதாயி எட்டிப் பார்த்தாள். "மாமா, உங்க வீட்டுக் கதிரையத்தான் ஒரு நாளைக்குக் குடுங்களேன்."

"அது பின்னங்கால் சரியில்ல" என்று சொல்லிவிட்டு இராமசாமி வேகமாக நடந்துவிட்டார். போகும்போது, "அடுத்த மாசம் திரும்ப எலெக்சன் வைக்கணும் போல" என்று காற்றிடம் சொல்வது மாதிரிச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருளாயி ஒரு பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பெல்மதுளைக்குப் பஸ் ஏறினாள். அங்கே மஹ்ரூப் நானாவிடம் கல்யாண வீடுகளுக்குப் பந்தலும் கதிரையும் வாடகைக்கு விடும் கடை இருந்தது. முன்பக்கம் முழுக்கப் புதுப் பிளாஸ்டிக் கதிரைகள் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன. பின்பக்கம் பழைய மர மடக்குக் கதிரைகள் குப்பையாகக் கிடந்தன.

"இந்தப் பழசுல ஒண்ணு தாங்க நானா. பழம் தேன் மாதிரி இருக்கும்."

மஹ்ரூப் பழத்தை முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்தெடுத்தார். கீல் துருப்பிடித்திருந்தது. உட்காரும் சட்டங்களில் ஒன்று காணாமல் போயிருந்தது.

"இது சும்மா கதிர இல்ல தங்கச்சி. மாப்பிள்ளமார் மட்டும் உக்காந்த கதிர."

"கால் ஆடுதே?"

"மாப்பிள்ளமார் நடுங்கினதுல ஆடுது."

கதிரையை மடக்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு இருளாயி பஸ் ஏறினாள். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். இளம் சிப்பாய் ஒருவன் சாக்கைத் துப்பாக்கி முனையால் தொட்டு, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மேக்க மொகக்த?"

"புட்டுவக், மஹத்தயா" என்றாள் இருளாயி. கதிரைதான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சாக்குக்குள் வேறு என்னவெல்லாமோ இருக்கலாம் என்ற காலம் அது. அவிழ்க்கச் சொன்னான், அவிழ்த்தாள். விரிக்கச் சொன்னான், கீல் கிறீச்சிட விரித்தாள். உண்மையிலேயே கதிரைதானா என்பதைத் தீர விசாரிக்க நினைத்தானோ, காலையிலிருந்து நின்ற களைப்போ, சிப்பாய் அதில் உட்கார்ந்து பார்த்தான்.

மிச்சமிருந்த சட்டங்களும் ஒரே நேரத்தில் முறிந்தன. சிப்பாய் இடுப்பு வரைக்கும் கதிரைக்குள் போய்விட்டான். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. இறங்கி நின்றவர்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க எல்லாரும் எதிர்ப்பக்கத்து றப்பர் மரங்களை எண்ண ஆரம்பித்தார்கள். இருளாயியும் கண்டக்டரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனை வெளியே இழுத்தார்கள். எழுந்தவன் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "யன்ன, யன்ன" என்று பஸ்சை விரட்டிவிட்டான். அன்று மற்றவர்களின் அடையாள அட்டைகளைக்கூட அவன் பார்க்கவில்லை.

ஆக, வீடு வந்து சேர்ந்தது கதிரையின் எலும்புக்கூடு மட்டும்தான்.

சன்னாசி அதை நிதானமாக ஆராய்ந்தான். "கட்டை நல்ல கட்டை" என்றான். அவன் ஒரு நாளில் பேசும் பேச்சு அதோடு முடிந்தது. கீல்களில் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தான். துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, பழைய சைக்கிளில் கழற்றிய போல்ட் போட்டு இறுக்கினான். கல்யாணக் கதிரையாயிற்றே, பழைய பெயின்ட் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருந்தது. அதையெல்லாம் கண்ணாடித் துண்டால் சுரண்டி, சேன்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தான். முறிந்த சட்டங்களுக்குப் பதிலாக, தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை அளந்து வெட்டி, உட்காரும் இடத்தில் ஒரே தட்டையாக அடித்துவிட்டான். அகலமான, வழுவழுப்பான பலகை. இருளாயி உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு முறை எழும்பி எழும்பி உட்கார்ந்தாள். கதிரை அசையவில்லை.

"பெயின்ட் அடிச்சுட்டா வேல முடிஞ்சுச்சு" என்றாள்.

முடியவில்லை. எந்தக் கலர் அடிப்பது என்று கமிட்டி கூடிவிட்டது.

"பச்ச அடிப்போம். கண்ணுக்குக் குளிர்ச்சி."

"பச்ச அந்தக் கட்சிக் கலர். எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. நீலம்?"

"நீலம் இந்தக் கட்சி. தொர நம்மள கட்சிக்காரங்கன்னு நெனச்சுக்குவாரு."

"செகப்பு?"

"செகப்பு எந்தச் சங்கம்னு தெரியாதா? மத்தச் சங்கத்துக்காரன் கதிரைய ஒடச்சுடுவான்."

"வெள்ள?"

"சாவு வீட்டுக் கொடி மாதிரி இருக்கும்."

"அப்ப மஞ்சள்" என்றான் சன்னாசி, அவனாகவே.

"கதிரைக்குக் காமாலை வந்த மாதிரி இருக்கும். நீங்க சும்மா இருங்க" என்றாள் இருளாயி.

கடைசியில் அதைச் சசியிடம் விட்டுவிடுவதென்று முடிவாயிற்று. சசி மூன்றாம் லயத்துப் பையன். பெல்மதுளையில் லொறிகளுக்குப் பெயர் எழுதுகிறவன். போன வருடம் தோட்டத்து மாரியம்மன் கோவில் சுவர் முழுக்கப் படம் வரைந்தவனும் அவன்தான். அந்தச் சுவரைப் பார்க்க வேறு தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது.

"டேய் சசி, எந்தக் கட்சிக்கும் எந்தச் சங்கத்துக்கும் சொந்தமில்லாத மாதிரி அடிக்கணும்" என்றாள் இருளாயி. "ஆனா எல்லாருக்கும் புடிக்கணும். தொர பாத்தார்னா அப்படியே மலச்சுப் போயிடணும்."

சசி, மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கதிரையைத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பலகையைத் தடவினான். "நல்ல பலக, சின்னம்மா" என்றான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே இருளாயி சுதாரித்திருக்க வேண்டும்.

கதிரையைக் கோவில் மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டான். இரத்தினபுரிப் பக்கத்து மழையில் ஒரு பூச்சுக் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். அடிப்பூச்சு, அதன் மேல் ஒரு பூச்சு, அதன் மேல் வேலைப்பாடு என்று நாட்கள் ஓடின. யாராவது எட்டிப் பார்த்தால் சாக்கை இழுத்து மூடிவிடுவான்.

"முடிஞ்சிடும் சின்னம்மா. இன்னும் கண்ணு மட்டுந்தான் பாக்கி."

"கதிரைக்கு எதுக்குடா கண்ணு?" என்றாள் மருதாயி.

"மயில் தோகை போட்டிருப்பான். விடு" என்றாள் இருளாயி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை விட்டு எல்லாரும் வந்த நேரத்தில், சசி கதிரையைத் தோளில் சுமந்து வந்தான். மடக்கியபடியே கோவில் வாசல் சுவரில் சாய்த்தான். லயமே கூடிவிட்டது. இராமசாமியும் கொஞ்சம் தள்ளி நின்றார். சசி சாக்கை இழுத்தான்.

கால்களில் எல்லாக் கலரிலும் கொடிகள் சுற்றி ஏறின. சாய்மானச் சட்டங்களில் கிளிகள், மாங்காய்கள். நடுவில், அந்தத் தேயிலைப் பெட்டிப் பலகையில், செந்தாமரை மேல் மகாலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் யானைகள். கையிலிருந்து தங்கக் காசு கொட்டியது. நேற்றுத் திறந்த கண்கள் கூட்டத்தை நேராகப் பார்த்தன.

"தாயே!" என்று யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள். உடனே எல்லாரும் கும்பிட்டார்கள். ஒரு பெண் சூடம் எடுக்க ஓடினாள். இருளாயியும் தன்னை அறியாமல் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

"டேய் சசி... இது உக்கார்ற பலகடா!"

சசி கதிரையைப் பார்த்தான். இருளாயியைப் பார்த்தான். கதிரையை வாங்கியதிலிருந்து அவன் அதை ஒருமுறைகூட விரித்துப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்ற பலகையைத்தான் அவன் பார்த்தான், படத்தைத்தான் போட்டான்.

"உக்காரவா குடுத்தீங்க, சின்னம்மா?"

"பின்ன கதிரைய எதுக்குடா குடுப்பாங்க?"

"எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாததா இருக்கணும், எல்லாருக்கும் புடிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்குத் தெரிஞ்சு இவங்க ஒருத்தங்கதான் அப்படி."

இருளாயி புருஷனைப் பார்த்தாள்.

"மேல ஒரு பூச்சு அடிச்சு மறைச்சுடேன்" என்றான் சன்னாசி மெதுவாக.

"அம்மா மூஞ்சியில நான் பெயின்ட் அடிக்கவா? நீங்க அடிங்க சித்தப்பா. பிரஷ் இந்தாங்க."

சன்னாசி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பலகைய கழட்டிட்டு வேற அடிச்சா?" என்றாள் மருதாயி.

"கண்ணு தொறந்த சாமிக்கு ஆணி புடுங்குறதா!" என்று சூடம் கொண்டுவந்த பெண் பதறினாள்.

"மேல துணி போட்டு உக்காந்தா?"

"துணிக்குக் கீழ இருக்கிறது அவளுக்குத் தெரியாதாக்கும்!"

இராமசாமி தொண்டையைச் செருமினார். அவர் முகத்தில் தெரிந்த பக்தி அளவுக்கு அதிகமாக இருந்தது. "எல்லாம் அவ செயல். நிக்கணும்னு அவளே சொல்லிட்டா. தலைவி நின்னா, வாக்குப்படி நாளைக்குப் பதவி..." என்று இழுத்தார்.

அப்போதுதான் எல்லாரும் இருளாயியைப் பார்த்தார்கள்.  அவள் சாக்கை எடுத்துக் கதிரைக்குப் பயபக்தியோடு போர்த்தினாள்.

"கொண்டாறேன்னு சொன்னேன். கொண்டு போறேன். உக்கார்றத அங்க போயி பாத்துக்குவோம்."

வீட்டுக்குள் வந்ததும் மருதாயியிடம் மட்டும் சொன்னாள்: "என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியலடி."

புதன்கிழமை ஆபீஸ் ஜன்னல்களில் நிற்க இடமில்லை. முன்வரிசை ஜன்னலை இராமசாமி பிடித்திருந்தார். இருளாயி செருப்பை வாசலில் விட்டு, சாக்கு மூட்டையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

உருத்திரமூர்த்தி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஓ! உண்மையாகவே கொண்டு வந்திட்டியோ? சரி, விரிச்சுப்போட்டு இரு."

இருளாயி சாக்கை எடுத்தாள்.

முதலில் ஜன்னல்களில் நின்றவர்கள் கும்பிட்டார்கள். நிமிர்ந்து பார்த்த தொர, கூட்டம் தன்னைத்தான் கும்பிடுகிறது என்று நினைத்து, சங்கடத்தோடு பாதிக் கை தூக்கினார். பிறகுதான் கதிரையைப் பார்த்தார். "மொகத மே?"

"லக்ஷ்மி தேவி, சேர்" என்றாள் இருளாயி.

தொரையின் கை தூக்கிய இடத்திலேயே நின்றது. பிறகு அதுவும் கும்பிட்டது. மாணிக்கக் கல் கிடைக்கும் மண்ணில் பிறந்தவர். காசு கொட்டும் தேவியை அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

உருத்திரமூர்த்தி எழுந்தே நின்றுவிட்டார். மேசைக்கு அடியில் காலால் துழாவிச் செருப்பைக் கழற்றினார்.

"ஆர் கீறினது இது? அச்சா அம்மாளாச்சி மாதிரியல்லோ கிடக்கு!"

"சசிங்க ஐயா. இப்ப இத எங்கங்க வைக்கிறது? விரிச்சா அம்மா மல்லாந்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருளாயி குனிந்தாள்.

"நிலத்தில வைக்கப் போறியோ? விசரே உனக்கு? இஞ்ச தா!"

அவரே இரண்டு கையாலும் வாங்கினார். வைக்க இடம் தேடினார். அலுமாரி உயரம் எட்டவில்லை. மேசையில் எச்சில் தேநீர்க் கோப்பை இருந்தது. தொரையின் கதிரையில் தொர இருந்தார். மிச்சமிருந்த இடம் ஒன்றுதான். உருத்திரமூர்த்தி தன் சொந்தக் கதிரையில் அம்மனைச் சாய்த்து வைத்துவிட்டு, பொட்டு அழியாமல் துண்டால் தூசி தட்டினார். பிறகு உட்காரத் திரும்பினார்.

உட்கார இடம் இல்லை.

தொர கொட்டாவியை அடக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். கம்பெனி புதிதாக ஒரு விளக்கம் அனுப்பியிருந்தது: கொழுந்தை எப்படி எடுக்க வேண்டும், எத்தனை இலையோடு எடுக்க வேண்டும், கூடையில் எப்படி அமுக்காமல் போட வேண்டும். பிறந்ததிலிருந்து கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அதைச் சிங்களத்தில் அவர் வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் கிளாக்கர் தமிழில் சொல்ல வேண்டும். நின்றுகொண்டே சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் கிளாக்கர் ஒரு கையை அலுமாரியில் ஊன்றினார். பிறகு தோளையும் ஊன்றினார். அப்புறம் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்துக் கொக்கு மாதிரி நின்றார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். ஆபீசில் நின்று அவருக்குப் பழக்கமே இல்லை.

இராமசாமியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இப்படி ஒரு மோசமான நிற்பை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"ஐயா!" என்றார் ஜன்னலிலிருந்து, தாழ்ந்த குரலில். "முட்டிய இறுக்காதீங்க. கொஞ்சம் இளக்கி விடுங்க. பாரத்த எடது காலுக்கு மாத்துங்க."

"நீர் பேசாமல் இரும்!" என்று சீறிய கிளாக்கர், பாரத்தை இடது காலுக்கு மாற்றினார்.

"அப்படித்தாங்க. இப்ப சுவரப் பாருங்க."

தொர வாசித்துக்கொண்டே போனார். எல்லாம் முடிந்து பக்கத்தைத் திருப்பினார். மறுபக்கத்திலும் இருந்தது. உருத்திரமூர்த்தியின் முகம் வெளிறியது. இருளாயி ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அவளுக்கும் முழங்கால் தீயாக எரிந்தது. நின்றுகொண்டிருக்கிறோம், இன்றோடு பதவி போயிற்று என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"ஐயாவுக்கும் உளையுதுங்களா?"

"உளையாமல்? முழங்கால் கழண்டு போச்சு, பிள்ளை!" என்றவர், தொரையிடம் திரும்பினார். சிங்களத்தில் அவர் இவ்வளவு உருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பங்களாவில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கதிரைகள் சும்மா கிடக்கின்றன, ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டார்.

"முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றார் தொர. அவர் வந்து ஒரு வருடமாகிறது. ஆபீசில் கதிரை போதாது என்று அவரிடம் இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தேவையானது இருந்தது.

பியோன் சாலியை அனுப்பினார்கள். சாலி பங்களாவிலிருந்து இறக்கத்தில் இறங்கி வந்தபோது, அவர் இரண்டு தோளிலும் இரண்டு கதிரைகள் இருந்தன.

"ஒண்டுதானே கேட்டது?" என்றார் கிளாக்கர்.

"ஒண்ணுன்னா ஒரு பக்கமா இழுக்குதுங்க ஐயா. பள்ளத்துல விழுந்துடுவேன். ரெண்டுன்னாத்தான் சமமா இருக்கு."

ஒரு கதிரையை வைத்த கையோடு உருத்திரமூர்த்தி, "அப்பனே முருகா" என்று அதில் விழுந்தார். மற்றக் கதிரை தொரையின் மேசைக்கு எதிரில் நின்றது. மெத்தை வைத்த தேக்குக் கதிரை. யாரும் அதில் இல்லை.

 ஜன்னல்களில் கழுத்துகள் நீண்டன. தொர கதிரையைப் பார்த்தார், இருளாயியைப் பார்த்தார். அவருக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"வாடிவென்ன" என்று கையைக் காட்டினார். உட்காரச் சொல்கிறார்.

"உக்காருக்கா!" என்று மருதாயியின் குரல் வெடித்தது.

"இரு, இரு!" என்றார் இராமசாமி. "சொந்தக் கதிரையிலன்னுதானே சொன்னா? இது பங்களாக் கதிரையில்ல?"

இருளாயி திரும்பினாள். "என் கதிரைய ஆபீசுக்குக் குடுத்துட்டேன், மாமா. ஆபீசு எனக்கு ஒண்ணு குடுக்குது. மாத்திக்கிட்டோம். பேசவும் இனிமேத்தான் போறேன். போதுமா?"

"அது சரிதான்" என்றார் உருத்திரமூர்த்தி, தன் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே. "அம்மாளாச்சி இனி இஞ்சதான் இருப்பா. ஆரும் தூக்கப்படாது."

இருளாயி சேலையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள். மெத்தை அவளை ஒரு சாண் உள்ளே இழுத்தது. வெளியே கைதட்டல், விசில். சன்னாசிகூடச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சத்தம் அடங்கியது. தொர பேனாவை எடுத்துக்கொண்டு அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

இருளாயி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூடினாள். மறுபடி திறந்தாள். ஒரு மாதமாக அவள் நினைத்ததெல்லாம் கதிரை. பலகை, போல்ட், பெயின்ட், லக்ஷ்மி. உட்கார்ந்த பிறகு என்ன பேசுவது என்பதை அவள் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. மெத்தை வேறு சுகமாக இருந்தது. தொர பேனாவால் மேசையைத் தட்டினார்.

"கூர" என்று ஜன்னலில் யாரோ முணுமுணுத்தார்கள்.

இராமசாமிதான். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்: "கூர. தகரம். ரெண்டாம் லயம்."

"கூர, சேர்!" என்றாள் இருளாயி. "ரெண்டாம் லயத்துல..."

"கெழக்கு மூலையில ஆறு காம்பரா. மழ வந்தா படுக்க எடமில்ல" என்றது ஜன்னல்.

"கெழக்கு மூலையில ஆறு காம்பரா, சேர்..."

"முந்தின தொர வந்து பாத்தாரு, அளந்துட்டுப் போனாரு, தகரம் அனுப்பல. அதையும் சொல்லு. விடாத."

கிளாக்கருக்கு யார் சொல்வதை மொழிபெயர்ப்பது என்று குழப்பமாகிவிட்டது. இருளாயி மெத்தையிலிருந்து சிரமப்பட்டுத் திரும்பினாள்.

"மாமா, அங்க நின்னு கத்தாம உள்ள வாங்களேன்."

இராமசாமி தயங்கினார். துண்டை இடுப்பில் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். ஒரு வழியாக உள்ளே வந்து அவள் பக்கத்தில் கைகட்டி நின்றார். தொர சாலியைப் பார்த்தார். சாலி, "இன்னொண்ணு கொண்டு வரணும்னா ரெண்டாத்தான் வரும்" என்றார்.

"எனக்கு வேணாம், வேணாம்" என்று இராமசாமி அவசரமாகக் கையை ஆட்டினார். "உக்காந்தா எனக்குப் பேச்சு வராதும்மா."

"எனக்குந்தான் வரல மாமா" என்றாள் இருளாயி. "பழகிக்குவோம். சாலி அண்ணே, கொண்டாங்க."